தொண்டு யாருடையது, இலாபம் யாருடையது?

நம்மூரிற் புதிதாக ஒரு தனியார் பள்ளிக்கூடம் தொடங்கப்படும்போது மதில்களில் முதலில் ஏறுவது அதன் விளம்பரத் தாளாகும். மாடிக் கட்டடத்தின் படம் அதில் இருக்கும். கணினி அறை, ஆங்கில மொழிமூலம், வாகன வசதி, சென்ற ஆண்டின் பரீட்சைப் பெறுபேறு என்பன தடித்த எழுத்தில் இருக்கும். ஆசிரியரைப் பற்றி மட்டும் ஒரேயொரு வரி காணப்படும்: தகைமையும் அனுபவமும் வாய்ந்த ஆசிரியர் குழாம். அக்குழாத்தினர் யார், எங்கிருந்து வந்தவர்கள், எதில் நாட்டமுடையவர்கள், மாத முடிவில் எவ்வளவு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றார்கள் என்பதைத் தாள் சொல்வதில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் கேட்பதில்லை.

நாம் கேட்கின்றோம். கேட்பதற்கு எமக்கு உரிமையும் உண்டு. அரச பாடசாலையில் இன்று கற்பிக்கும் எம்மிற் பலர், நியமனக் கடிதம் வரும்வரை இத்தகைய சிறு பள்ளிகளில் வெண்கட்டி பிடித்தவர்களே.

திருநெல்வேலியின் நிலையை முதலிற் பார்ப்போம். பல்கலைக்கழகம் இவ்வூரின் நடுவே நிற்கின்றது. ஆண்டுதோறும் பட்டதாரிகளை அது வெளியே அனுப்புகின்றது. அரச நியமனமோ ஆண்டுதோறும் வருவதில்லை. 2017 ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாடு கண்டது. அவ்வாறு காத்திருப்போர் காத்திருக்கும் காலத்தில் எங்கே போகின்றனர்? சந்தைக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள ஒழுங்கைகளில், வீடாக இருந்து வகுப்பறையாக மாறிய கட்டடங்களிலும், தகரக் கூரையிட்ட ரியூட்டரிகளிலும் அவர்களைக் காணலாம்.

அவர்களுள் வன்னியிலிருந்து வந்து வாடகை அறையிலிருந்து கற்பிக்கும் பெண் இருக்கின்றாள். போர்க்காலத்திற் பள்ளி மூன்று முறை இடம்பெயர்ந்தும் படிப்பை விடாதவள் அவள். காலையிற் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் இறைத்துவிட்டு, செம்மண் படிந்த காலைக் கழுவிக்கொண்டு கணிதம் கற்பிக்க வருபவர் இருக்கின்றார். ஓய்வூதியம் பெற்றபின்னும் வீட்டில் இருப்புக்கொள்ளாத முதிய ஆசிரியர் இருக்கின்றார். உயர்தரம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியிற் சிறிது குறைந்தமையாற் பல்கலைக்கழக வாயிலைக் காணாத இளைஞனும் இருக்கின்றான். பட்டம் இல்லாதபோதிலும், பின்னத்தைப் பிள்ளைக்கு விளங்கவைப்பதில் அவனுக்கு நிகரானோரை நாம் அதிகம் கண்டதில்லை.

இவர்களின் வேட்கைகளோ பாடத்திட்டத்தின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. கணிதம் கற்பிப்பவர் இரவிற் காத்தவராயன் கூத்தாடுவார். விஞ்ஞான ஆசிரியை வலசை வரும் பறவைகளைப் பார்க்க விடுமுறை நாளில் மண்டைதீவுக் கடல்நீரேரிப் பக்கம் சைக்கிளிற் போவாள். வரலாறு கற்பிப்பவர் பழைய உறுதிகளையும் ஓலைச்சுவடிகளையும் தேடி வீடு வீடாக ஏறியிறங்குவார். இந்த வேட்கைதான் வகுப்பறைக்குள் நுழைந்து பிள்ளையின் கண்ணில் ஒளியேற்றுகின்றது. பாடநூலைக் கடையில் வாங்கலாம். குறிப்பைப் பிரதி எடுக்கலாம். ஒரு மனிதன் ஒன்றை நேசிப்பதை நேரிற் பார்க்கும் வாய்ப்பைப் பிள்ளைக்குத் தர ஆசிரியர் ஒருவராலேயே இயலும்.

ஆயினும் இவற்றை முகாமையினர் எவ்வாறு மதிக்கின்றனர்? நேர்முகப் பரீட்சையில் ஆசிரியரின் நாட்டத்தைப் பற்றிக் கேட்பவர் அரியர். கேட்கப்படும் வினாக்கள் வேறு. எந்த ஊர்? எந்தப் பகுதி? யாருடைய பிள்ளை? எந்தக் கோயில், எந்தச் சபை? இவ்வினாக்களின் அடியில் நிற்பது எது என்பதை யாழ்ப்பாணத்தவனுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. வாயாற் கேட்காமலே சாதியை அறிந்துகொள்ளும் வித்தையில் நாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள் அல்லவா?

பின்னணியைத் துருவித் துருவி ஆராயும் இவர்கள் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கவேண்டும். இம்மண்ணிற் பெயர் நிலைத்த பள்ளிகள் யாவும் தொடக்கத்திற் சிறிய தனியார் பள்ளிகளே. அவற்றை வளர்த்தவர்களுட் பலர், அக்கால அளவுகோலின்படி, பொருந்தாத பின்னணியினர்.

ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். சைவம் காக்கப் புறப்பட்ட அவர், வெஸ்லியன் மிசனின் பள்ளியிற் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். நெற்றியில் நீறணிந்த இளைஞனைக் கிறித்தவப் பள்ளியில் வைத்திருந்த பேர்சிவல், அவருடைய தமிழைப் பார்த்தாரேயன்றி நீற்றைப் பார்க்கவில்லை. 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவரும் அவருடைய நண்பர்களும் சம்பளமின்றிக் கற்பித்தனர். வீடுகளிற் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடந்தது. வேட்கையினால் ஒரு பள்ளி எழுவது எப்படி என்பதற்கு அது சான்று. அதே நாவலர் சாதி வரம்பைத் தாண்டவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த வாசல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த வாசலன்று.

ஏழாலையிற் சி. வை. தாமோதரம்பிள்ளை ஒரு பள்ளியை நிறுவினார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினறியிற் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர் அவர். அப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர். மரபுவழியாகத் தமிழ் கற்றவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். பட்டதாரி நிறுவிய பள்ளியிற் பட்டமில்லாப் புலவர் கற்பித்தார். அப்புலவரிடம் பின்னர் வண்ணார்பண்ணையிற் பாடங்கேட்டவர்களுள் ஒருவர் மட்டுவிலிலிருந்து வந்த சி. கணபதிப்பிள்ளை.

அந்தக் கணபதிப்பிள்ளை யார்? 1929 முதல் 1959 வரை எமது திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கிய பண்டிதமணிதான். அக்கலாசாலையை நடத்தியது 1923 இல் எழுந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கம். மக்கள் வழக்கில் இந்துபோர்ட். கம்பனிலும் கந்தபுராணத்திலும் பண்டிதமணி கொண்டிருந்த காதல் அங்கே பயின்ற ஆசிரியர்களைத் தொற்றி, குடாநாட்டின் கிராமப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. கலாசாலை வீதி என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. அவ்வீதிக்கு அண்மையில் இன்று விளம்பரத் தாள் ஒட்டும் ஒரு பள்ளிக்குப் பண்டிதமணி விண்ணப்பித்தால் என்ன நேரும்? ஆங்கிலத்தில் உரையாடத் தெரியுமா என்ற முதல் வினாவிலேயே அவரை வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கொக்குவில் எமக்கு அயலூர். அங்குள்ள இந்துக் கல்லூரிக்கு 1949 இல் அதிபரானவர் ஹன்டி பேரின்பநாயகம். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். 1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றுவதற்கு முன்னின்றவர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அதுவே 1927 இற் காந்தியடிகளை இங்கு வரவழைத்தது. சாதிக் கொடுமைக்கு எதிராகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் பேசியவர் அவர். பெயரிலேயே இந்து என்றிருந்த கல்லூரி அவருடைய பிறப்பைத் தடையாகக் கொள்ளவில்லை. அதனாற் கல்லூரிக்கு வந்த நட்டம் யாது?

இனி, எல்லாக் கதவுகளும் அடைக்கப்பட்டவர்களின் கதைக்கு வருவோம். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளை வாங்கில் இருப்பதைக் காணச் சகியாமற் பள்ளியையே எரித்த பெருமை எமது சமுதாயத்துக்கு உண்டு. அதற்கும் முன்பே, 1914 இல், வடமராட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த கா. சூரன் தம் மக்களின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். தமக்கு மறுக்கப்பட்ட வாசலின் முன் நின்று கெஞ்சுவதை விட்டு, தாமே ஒரு வாசலை அமைத்தவர் அவர். அச்சிறு பள்ளி இன்று தேவரையாளி இந்துக் கல்லூரி. எழுத்தாளர் தெணியான் அங்கே படித்து அங்கேயே ஆசிரியரானவர். அவருடைய கதைகளில் எரிந்த நெருப்பும் அவர் வகுப்பறைக்கு எடுத்துச்சென்ற நெருப்பும் ஒன்றே. அந்தப் பின்னணியைக் குறையென்று கருதும் நேர்முகப் பரீட்சைக்காரர், தம் பள்ளிக்கு வரவேண்டிய மிகப் பெரிய செல்வத்தைத் தாமே வாசலில் தடுத்து நிறுத்துகின்றார்.

இவ்வளவும் கேட்ட தனியார் பள்ளி முதலாளி ஒருவர் மகிழ்ந்துபோய், 'பார்த்தீர்களா? அக்கால ஆசிரியர்கள் சம்பளத்தையா நினைத்தார்கள்? கல்வி என்பது தொண்டு' என்று சொல்லக்கூடும். சொல்லவும் செய்கின்றார். ஆசிரியர் தினத்தன்று சால்வை போர்த்திவிட்டு இதையே பிரசங்கமாகச் செய்கின்றார். எமது வழக்கு முழுவதும் இவ்விடத்திலேதான் இருக்கின்றது.

நாவலரின் நண்பர்கள் சம்பளமின்றிக் கற்பித்தபோது அதனால் எவருடைய பணப்பெட்டியும் நிறையவில்லை. பிடியரிசிக்காக அலைந்தவர் பள்ளியை நிறுவியவரே. வங்கத்தில் இரவீந்திரநாத் தாகூர் 1901 இல் ஐந்தே மாணவருடன் சாந்திநிகேதனப் பள்ளியைத் தொடங்கியபோது அதற்காக விற்கப்பட்டவை அவருடைய மனைவியின் நகைகள். நிறுவியவர் தம் பொருளை இழந்தார். ஆகவே உடனுழைப்போரிடமும் தியாகத்தைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. இன்று நடப்பது என்ன? நிறுவியவர் இரண்டாவது மாடி கட்டுகின்றார். மூன்றாவது வாகனம் வாங்குகின்றார். தியாகம் செய்யும்படி கேட்கப்படுபவரோ ஆசிரியர். இலாபம் எவருக்கும் சேராதபோது தொண்டு தொண்டாகும். ஒருவருடைய தொண்டு இன்னொருவருடைய இலாபமாக மாறும்போது அதற்குத் தமிழிற் பெயர் சுரண்டல்.

சட்டத்தின் நிலையையும் வாசகர் அறிந்திருத்தல் நன்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இலும் 1961 இலும் இயற்றப்பட்ட சட்டங்களினால் நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அம்மாற்றத்தைப் பலர் பலவாறு குறை கூறினர். ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் மனேச்சர் ஒருவரின் மனநிலையைப் பொறுத்தது என்ற நிலை அப்பள்ளிகளில் ஒழிந்தது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதற்கும் தடை விதித்தது. பின்னர் எழுந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்க் கம்பனிகளாகப் பதிவுபெற்று அத்தடையைச் சுற்றிவந்தன. அரசிடம் கம்பனியாகப் பதிவுபெறும் நிறுவனம், ஆசிரியரிடம் மட்டும் தர்மசாலையாகக் காட்சி தருவது எந்த நியாயம்? கட்டணம் அறவிடும்போது கம்பனி. சம்பளம் கொடுக்கும்போது தர்மம். இந்த இரட்டை வேடத்தையே நாம் கண்டிக்கின்றோம்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. தொழில் கொள்வோர் சம்பளத்தின் 12 வீதத்தையும் ஊழியர் 8 வீதத்தையும் அதிற் செலுத்தவேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். சிறு பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அவருடைய சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். நியமனக் கடிதமே கையில் இல்லாதவர் இலக்கத்துக்கு எங்கே போவார்? நாம் முன்பு கற்பித்த ஒரு பள்ளியில் மூலச் சான்றிதழ்களை வாங்கி அலுமாரியிற் பூட்டிவைத்தார்கள். விடுமுறை மாதங்களில் அரைச் சம்பளம் தந்தார்கள். பிள்ளைகள் வராத மாதத்தில் ஆசிரியருக்கும் பசிக்காது என்பது அவர்களுடைய பொருளியல் போலும்! 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அரிசி விலையும் பஸ் கட்டணமும் ஏறிய அந்நாட்களில், சம்பளத்தைப் பற்றிப் பேச முதலாளியின் அறைக் கதவைத் தட்டத் துணிந்த சிறு பள்ளி ஆசிரியர் எத்தனை பேர்?

அரச ஆசிரியர்கள் 2021 இல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஒதுங்கி நின்று போராடினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. சிறு தனியார் பள்ளி ஆசிரியருக்கு யார் இருக்கின்றனர்? ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு வரப் பத்துப் பட்டதாரிகள் வீதியில் நிற்கின்றனர். இதை முதலாளி அறிவார், ஆசிரியரும் அறிவார். ஒருவரையொருவர் அறியாதிருப்பவர்கள் ஆசிரியர்களே. இந்தப் பள்ளியில் விலகியவரின் இடத்துக்கு அந்தப் பள்ளியிலிருந்து வருபவர், முன்னவர் ஏன் விலகினார் என்று விசாரிப்பதில்லை.

நேர்மையாக நடக்க விரும்பும் சிறு பள்ளிகளும் உள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்து, ஏழைப் பிள்ளைக்கு அதையும் விட்டுக்கொடுத்து, அதிபர் தாமே கூட்டித் துடைத்து நடத்தும் இடங்களை நாம் கண்டிருக்கின்றோம். 'வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிஞ்சுவதைப் பங்கிடுவோம்' என்று அவர் கணக்கேட்டை ஆசிரியர் முன் விரிப்பாரானால், குறைந்த சம்பளத்துக்கும் கற்பிக்க எம்மவர் பின்னிற்கமாட்டார்கள். கணக்கேடு பூட்டியிருக்கும் இடத்தில் தொண்டைப் பற்றிப் பேசவேண்டாம் என்பதே நாம் சொல்வது.

இவ்வாறு நடத்தப்படும் ஆசிரியரின் வேட்கைக்கு என்ன நேர்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். காலையில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு ரியூட்டரி, இரவில் வீட்டு வகுப்பு என ஓடுகின்றவருக்குக் கூத்தாட இரவு எங்கே இருக்கின்றது? நீரேரிக்குப் போக விடுமுறை எங்கே இருக்கின்றது? இரண்டொரு வருடங்களிற் கூத்தாடியவர் கூத்தை மறக்கின்றார். ஓலைச்சுவடி தேடியவர் கடந்தகால வினாத்தாள்களைத் தேடுகின்றார். எஞ்சுபவர் பெறுபேறு உற்பத்தி செய்யும் ஒரு கூலியாள். ஆசிரியருடைய சம்பளப் பிரச்சினை ஆசிரியருடையது மட்டுமே என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். கட்டணம் செலுத்தி உங்கள் பிள்ளையை எவரிடம் ஒப்படைத்தீர்களோ, அந்த மனிதரை வகுப்பறைக்குள்ளேயே சிறிது சிறிதாக இல்லாமற் செய்துவிடுகின்றார்கள்.

ஆதலால் நாம் கேட்பவை இவை. எழுத்தில் நியமனக் கடிதம் தருக. சான்றிதழின் பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுக்க. பன்னிரண்டு மாதமும் சம்பளம் தருக. சேமலாப நிதியைச் சட்டப்படி செலுத்துக. ஊரையும் குலத்தையும் சபையையும் துருவும் வினாக்களை நேர்முகப் பரீட்சையிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் 'நீர் எதை நேசிக்கின்றீர்?' என்ற ஒரு வினாவைச் சேர்க்க. அதற்குக் கிடைக்கும் விடைக்குக் கிழமையில் ஒரு பாடவேளையேனும் ஒதுக்குக. கூத்தாடுபவர் கூத்தைக் கற்பிக்கட்டும். பறவை பார்ப்பவள் பிள்ளைகளை நீரேரிக்கு அழைத்துச் செல்லட்டும்.

பெற்றோரே, கட்டணப் பற்றுச்சீட்டை வாங்கும்போது ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள்: என் பிள்ளைக்குக் கற்பிப்பவருக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கின்றீர்கள்? பத்துப் பெற்றோர் கேட்டால் முதலாளி முகஞ்சுளிப்பார். நூறு பெற்றோர் கேட்டால் விடை சொல்வார்.

சிறு பள்ளிகளிற் கற்பிக்கும் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வேட்கையை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். அதைக் குறைந்த விலைக்கு விற்கவும் வேண்டாம். ஒரே வீதியிலுள்ள மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதத்தில் ஒருநாள் ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்றுகூடுங்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம், யாருடைய சான்றிதழ் யாருடைய அலுமாரியில் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். சங்கம் என்று பெயர் வைப்பது பின்னர் ஆகட்டும். அரச பாடசாலையில் இருக்கும் நாமும் அந்த விறாந்தைக்கு வரக் கடமைப்பட்டவர்கள். நியமனம் கிடைத்ததும் பழைய பள்ளியை மறந்துவிடும் வழக்கம் இனி எம்மிடம் வேண்டாம். சால்வைகள் போதும், இனிக் கணக்கேட்டைத் திறக்கட்டும்.